ஃபோகஸ் ஆகாத ப்ரொஜெக்டர்

தட்டில் தோசை விழுந்ததும் நான் அதைத் திருப்பிப் பார்ப்பேன். ஓரம் கருகியிருக்கிறதா, நடுவில் மாவு வேகாமல் நிற்கிறதா என்று ஒரு பார்வை. கல்யாணமான புதிதில் என் மனைவி இதை அவமானமாக எடுத்துக்கொண்டாள். இப்போது, "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதா, சட்னி ஊத்தலாமா?" என்று கேட்டுவிட்டு ஊற்றுகிறாள்.

ஒரகடத்தில், கார்களுக்கு உள்ளே வரும் பிளாஸ்டிக் பாகங்களைச் செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கதவின் உட்பக்கம், ஏசி காற்று வரும் சட்டம், டேஷ்போர்டு மூடி என்று எது வந்தாலும் கீறல் இருக்கிறதா, குழி இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற லைனுக்கு நான்தான் பொறுப்பு. லைனில் நின்று பார்ப்பவர்கள் பெண்கள். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் பீஸ் என் கைக்கு வரும். நான் ஓகே என்றால் ஓகே, 'நாட் குட்' என்பதன் சுருக்கமான என்.ஜி. என்றால் என்.ஜி., அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் ஒப்புக்கொள்ள இன்னும் வெட்கமாக இருக்கும்.

கான்பரன்ஸ் ஹாலில் பெரிய டிவி மாட்டியதும், அதுவரை அங்கே உழைத்துக்கொண்டிருந்த ப்ரொஜெக்டரை ஸ்டோர் ரூமில் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். வாங்கும்போதே விலை குறைந்த மாடல். வெள்ளையாக வந்த உடம்பு மோர் நிறத்துக்கு மாறியிருந்தது. ரிமோட் எந்த மீட்டிங்கில் தொலைந்தது என்று யாருக்கும் தெரியாது. அது அங்கேயே தூசி தின்றுகொண்டு கிடந்திருக்கும், ஒரு டீச்சர் வராமல் இருந்திருந்தால்.

கம்பெனிக்குப் பின்பக்கம் இருக்கிற கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்று உண்டு. அதன் அறிவியல் டீச்சர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கேட்டில் அரை மணி நேரம் நின்று, எச்.ஆர். மேடத்தைப் பார்த்தார். பள்ளியில் ஸ்மார்ட் போர்டு இருக்கிற அறை ஒன்றுதானாம். ஏழாம் வகுப்புக்கு வாரத்துக்கு ஒரு முறைதான் அந்த அறை கிடைக்கிறதாம். மற்ற நாளெல்லாம் கரும்பலகைதான். அவர் வரைகிற இதயம் கத்தரிக்காய் மாதிரி இருக்கிறதாம், பிள்ளைகளும் பரீட்சையில் அதைக் காம்போடு வரைந்து வைக்கிறார்களாம். பழைய ப்ரொஜெக்டர் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்.

எச்.ஆர். மேடம் நல்லவர். ஆனால் விதியை விடாதவர். கம்பெனி பெயரில் கேட்டைத் தாண்டிப் போகிற பொருளில் குறை இருக்கக் கூடாது. ப்ரொஜெக்டர் நன்றாக இருந்தால் பள்ளிக்கு, இல்லையென்றால் மாதக் கடைசி சனிக்கிழமை வருகிற ஸ்கிராப் வண்டிக்கு. நன்றாக இருக்கிறதா என்று யார் சொல்வது? குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்தானே. 'ஆபீஸ் உபயோகம்', 'வகுப்பறை உபயோகம்' என்று இரண்டு கட்டம் போட்ட ஒரு படிவத்தையும் ஒரு வார அவகாசத்தையும் என் கையில் கொடுத்தார்.

முதல் நாள் நான் செய்த காரியத்தை எங்கள் பிரிவு ஆள் ஒருவனால்தான் செய்ய முடியும். எங்கள் கம்பெனியில் எதை ஆய்வு செய்தாலும் ஆய்வு மேஜையில் வைத்து, தலைக்கு மேலே நான்கு டியூப்லைட்டும் எரிய, வெளிச்சத்தை மீட்டரில் அளந்து குறித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். நிழலில் கீறல் தெரியாது என்பதால் ஏற்பட்ட விதி. ப்ரொஜெக்டரையும் நான் அந்த மேஜையில்தான் வைத்தேன். நான்கு லைட்டையும் போட்டேன், அளந்தேன், குறித்தேன், பிறகு ப்ரொஜெக்டரை ஆன் செய்தேன். எதிர்ச் சுவரில் படம் என்று ஒன்று விழுந்திருக்கிறதா என்றே தெரியவில்லை. 'வெளிச்சம்: என்.ஜி.' என்று எழுதி, சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

எலக்ட்ரீஷியன்தான் அந்த அட்டையைப் பார்த்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், என் வயது, மதியச் சாப்பாட்டில் என் எதிர் இருக்கை. கோபமே வராத மனிதர், அதனால் அவர் கேட்கிற கேள்விகள் ஆழமாக இறங்கும்.

"ஏன் சார், தியேட்டர்ல எல்லா லைட்டயும் போட்டுட்டுத்தான் படம் பாப்பீயளோ?"

அது முதல் கட்ட ஆய்வு மட்டுமே என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் போன பிறகு அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் கட்டம் டிரெயினிங் ரூமில் நடந்தது. சுவர் இளம்பச்சை, அதில் எந்தப் படம் விழுந்தாலும் காமாலை வந்த மாதிரி இருந்தது. கான்டீனிலிருந்து வெள்ளை மேஜை விரிப்பு ஒன்றை வாங்கிவந்து மாட்டினோம். ஜன்னலுக்குத் திரை போட்டதும் படம் உயிர் பெற்றது. ஒரு பாதி திரையை விலக்கினால்கூடச் சோகை பிடித்துவிடுகிறது. ப்ரொஜெக்டருக்குள் ஓடுகிற ஃபேன் சத்தம் பழைய மிக்ஸி அளவுக்கு இல்லை, ஆனால் பாடம் நடத்துகிறவர் குரலைக் கொஞ்சம் ஏற்றத்தான் வேண்டும். வயரை ஆட்டினால் படம் மஞ்சளாகிறது, ஒரு பக்கமாக அழுத்தி வைத்தால் நேராகிறது. அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் ஃபேன் ஓடி முடிகிறவரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். இவையெல்லாம் வயதானவர்களுக்கு இருக்கிற உபாதைகள்தான், இதற்காக யாரையும் ஸ்கிராப் வண்டியில் ஏற்றிவிட மாட்டார்கள்.

ஆனால் ஃபோகஸ் வரவில்லை.

ப்ரொஜெக்டர் அறையின் கடைசி வரிசையில், மேஜை மேல் இருந்தது. அங்கே நின்றபடி லென்ஸ் வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினேன், எழுத்து பனியாக இருந்தது. அந்தப் பக்கம் திருப்பினேன், வேறு மாதிரிப் பனி. திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் எழுத்துகள் கூர்மையாக நின்றன. விரிப்பில் இருந்த சாம்பார்க் கறைகூட ஓரம் பிசகாமல் தெரிந்தது. திரும்பி நடந்து மேஜைக்கு வந்தால் மறுபடியும் பனி. மூன்று நாள் இப்படிப் போய்ப் போய் வந்தேன். கடைசியில் என் அனுபவமெல்லாம் சேர்ந்து ஒரு முடிவு சொன்னது: நான் திரும்பி நடக்கிற நேரத்துக்குள் உள்ளே சூடு ஏறி, லென்ஸ் நகர்ந்துவிடுகிறது. 'வெப்பத்தால் லென்ஸ் நகர்வு. ஃபோகஸ் நிலையில்லை. என்.ஜி.' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைப் படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

இனி இந்தப் பொருள் சனிக்கிழமை வண்டிக்குத்தான். லைனில் வருகிற பீஸுக்கு என் சொல்லே கடைசி, ஆனால் கம்பெனிச் சொத்தைக் கழிப்பதென்றால் எங்கள் வழக்கப்படி கண்ணால் பார்த்துச் சொல்லும் என்.ஜி.யை ஒருவர் மட்டும் சொன்னால் செல்லாது. மூன்று பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், அதே பொருளை மூன்று மூன்று தடவை பார்த்து எழுத வேண்டும். மூவரும் ஒன்றாகச் சொன்னால் குறை பொருளில் இருக்கிறது. ஒருவர் மட்டும் மாறிச் சொன்னால் குறை அந்த ஆளிடம் இருக்கிறது. அவரை லைனிலிருந்து எடுத்து, கண் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பேக்கிங்கில் உட்காரவைத்துவிடுவோம். இந்தச் சோதனையை எத்தனையோ பெண்களுக்கு நானே நடத்தியிருக்கிறேன். ரிசல்ட் சொல்லும்போது அழாமல் கேட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மூவரில் நான் ஒருவன், எலக்ட்ரீஷியன் ஒருவர். மூன்றாவது ஆளாகப் பேக்கிங்கிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்கள். அன்றைக்கு அட்டைப்பெட்டி லோடு வரவில்லை, அவர் சும்மா இருந்தார். கம்பெனியே அவரைப் பேக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடும். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் என் லைனில் இருந்தவர், நல்ல வேகம். இதே சோதனையில் மாறிச் சொன்னதால் நான்தான் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினேன். அடுத்த மாதமே கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார். பார்க்கலாம் என்று சொன்னேன். அந்தப் 'பார்க்கலாம்' இரண்டு வருடமாக அப்படியே நின்றது. இன்னொரு விஷயமும் உண்டு. அவருக்குப் பின்பக்கத்துக் கிராமம்தான் ஊர், அவருடைய மகள் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு.

திரையில் பத்து வரி. மேலே பெரிய எழுத்து, போகப் போகச் சிறிய எழுத்து, கடைசி வரி எக்செல் கட்டத்தில் போடுகிற அளவு. கடைசி வரிசையில் உட்கார்ந்து, தெரிகிற வரிக்கு டிக் போட வேண்டும். மூன்று சுற்றும் முடிந்து தாள்களைச் சேர்த்துப் பார்த்தேன். எலக்ட்ரீஷியனுக்கு ஒன்பது வரி தெரிந்திருந்தது. அக்காவுக்கும் ஒன்பது. இரண்டு பேரும் மூன்று தடவையும் எக்செல் அளவை மட்டும் விட்டிருந்தார்கள். எனக்கு மூன்று தடவையும் மூன்று வரிக்கு மேல் தாண்டவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் ஊரில் மரியாதை என்கிற ஒரு வியாதி உண்டு. தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறது என்றும், புரிந்ததா என்றால் புரிந்தது என்றும் சொல்லிவிடுவார்கள். அதோடு இந்த அம்மாவுக்குப் பொருள் தன் மகள் வகுப்புக்குப் போக வேண்டும் என்ற ஆசை வேறு. அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். மகள் பள்ளிக்கூடம் என்பதற்காக மங்கலாக இருப்பதைத் தெளிவாக இருக்கிறது என்று டிக் போடக் கூடாது என்று, லைனில் பேசுகிற அதே குரலில்.

அக்கா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி, யூனிஃபார்ம் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி சார். எனுக்குத் தெரியாததா எதுனா நீங்களே அடிங்க. நான் படிக்கிறேன்."

எட்டாவது வரி அளவில் நான் இல்லாத ஒரு பார்ட் நம்பரை, எண்ணும் எழுத்துமாகக் கலந்து அடித்தேன். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடி ஒன்றுகூடத் தவறாமல் படித்தார். இன்னொன்று அடித்தேன். அதையும் படித்தார். லேப்டாப்பைப் பார்த்து நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நாங்க அடிக்கிறோம் சார். நீங்க படிங்க," என்றார் அக்கா.

எலக்ட்ரீஷியனின் காதில் ஏதோ சொன்னார். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒரே விரலால் தேடித் தேடி அடித்தார். நான் கண்ணைச் சுருக்கினேன், விரித்தேன், தலையைச் சாய்த்தேன். கொஞ்சம் கருப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி கருப்பு. பத்தொன்பது வருட அனுபவம் இருக்கிறவன் தெரியவில்லை என்று சொல்லலாமா? பார்ட் நம்பர் என்றால் எங்கள் கம்பெனியில் அதற்கென்று ஒரு முறை உண்டு, ஆரம்பம் எப்போதும் ஒன்றேதான். அந்தத் தைரியத்தில் ஆறு எண்ணும் மூன்று எழுத்தும் கணீரென்று சொன்னேன்.

எலக்ட்ரீஷியன் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனேன். அதில் எண்ணே இல்லை. தமிழில் எழுதியிருந்தது: 'சார் கண் டாக்டரைப் பாருங்க.'

திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சாம்பார்க் கறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது, அதில் கிண்டல் இல்லை.

"எனுக்கும் அப்டித்தான் சார் இருந்துச்சு. பீஸுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

வருடா வருடம் முதலுதவி அறையில் எங்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும், நானும் வருடா வருடம் தேறிக்கொண்டுதான் இருந்தேன். எப்படி என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அந்த அறையில் தொங்குகிற எழுத்து அட்டை நான் சேர்ந்த நாளிலிருந்து அதே அட்டை. எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்ததே இல்லை, பார்க்கிறேன் என்றுதான் நினைத்தேன். அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் சுங்குவார்சத்திரம் வந்து இறங்கியபோது, எதிரே வருகிற பஸ்களை எப்படி அடையாளம் காண்கிறேன் என்று கவனித்தேன். போர்டைப் படித்து இல்லை. நிறத்தையும் உள்ளே இருக்கிற கூட்டத்தையும் வைத்துத்தான்.

வீட்டில் சொன்னேன். மனைவி ஆச்சரியப்படவே இல்லை.

"எதிர் வூட்டுக்காரர் வணக்கம் வெச்சா மூஞ்சத் திருப்பிக்கினு போறீங்கன்னு அவரு நம்மகூட பேசறதில்ல. தோசைல மட்டும் எல்லாம் தெரியுது."

கண் டாக்டர், தூரப் பார்வைக்கு இரண்டு கண்ணிலும் பவர் நிறைய ஏறியிருக்கிறது, வலது கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்றார். கையில் பிடித்துப் பார்க்கிற பீஸ் தெரிகிறது என்பதால்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. கண்ணாடி திங்கட்கிழமைதான் வரும். ஸ்கிராப் வண்டி அதற்கு முன்பு, சனிக்கிழமை வருகிறது.

எச்.ஆர். மேடத்திடம் போனேன். அவர் மூன்று தாளையும் பார்த்தார், எலக்ட்ரீஷியன் முன்பே காதில் போட்டிருப்பார் போலிருக்கிறது, சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார். விதியை விடாத அவரே, என் தாளை எடுத்துவிட்டு வேறு யாரையாவது வைத்து ஒரு தாள் எழுதிச் சேர்த்துவிடலாம், விஷயம் அறையை விட்டு வெளியே போகாது என்றார். என் தாள் ஃபைலில் இருந்தால் விதி என் மேலும் பாயும். கழுத்தில் தொங்குகிற ஆய்வாளர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கண் சரியாகிச் சோதனையில் தேறும்வரை பேக்கிங்.

சரி என்று சொல்ல வாய் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. பேக்கிங்கில் நான் உட்கார்ந்தால் லைன் முழுவதும் ஏதாவது சாக்கு வைத்து ஒரு தடவை நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகும். அழுத பெண்கள் அத்தனை பேரும் வருவார்கள். ஆனால் என் தாளை எடுத்துவிட்டால் அக்காவைப் பொய் டிக் போட்டவள் என்று நான் சொன்னது மட்டும் அந்த அறையில் அப்படியே நிற்கும். இரண்டு வருடப் 'பார்க்கலாம்' வேறு பாக்கி நின்றது.

அறிக்கையை அடித்துத் திருத்தி எழுதினேன். ஆபீஸ் உபயோகம்: எக்செல் கட்டத்தில் உள்ள எழுத்து தெரியவில்லை, என்.ஜி. வகுப்பறை உபயோகம்: ஜன்னலுக்குத் திரை போட்டு, எழுத்தைப் பெரிதாக வைத்தால் ஓகே. ஃபோகஸ்: ஓகே. பார்வையாளர் இரண்டு, மூன்று: ஓகே. பார்வையாளர் ஒன்று: என்.ஜி. அதன் கீழே என் பெயரை எழுதி, அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். அதோடு இன்னொரு காகிதமும் வைத்தேன், அக்காவுக்கு மறுசோதனை வைக்கும்படி. வியாழக்கிழமை சோதனை நடந்தது. அக்கா ஒன்றுகூடத் தவறவிடாமல் தேறினார். அன்று மதியமே நான் அவருடைய ஸ்டூலிலும் அவர் என் லைனிலும் இருந்தோம். எதிர்பார்த்தபடி லைன் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு பெண் மட்டும் டேப் எப்படி ஒட்டுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ப்ரொஜெக்டரையும் மேஜை விரிப்பையும் மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பள்ளிக்குப் போனேன். கூட எலக்ட்ரீஷியன் வந்தார். டீச்சர் ஜன்னல்களில் பழைய சாக்கைக் கட்டி அறையை இருட்டாக்கி வைத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கக் கூடாது, வயரை அழுத்தி வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தோம். கொடுத்த பொருள் கொடுத்த இடத்தில் சரியாக வேலை செய்கிறது என்று நேரில் பார்த்து ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது படிவத்தின் கடைசி வரி. அட்டை இல்லாதவன் எப்படிப் போடுவது என்று மேடத்தைக் கேட்டதற்கு, அறிக்கை உங்களுடையது, நீங்களே போட்டு முடியுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

டீச்சர் இதயத்தின் படத்தைப் போட்டார். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோடு நின்றிருந்தேன். சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று, சுற்றிலும் பனி. அம்புக்குறி போட்டு எழுதியிருந்த பெயர்களை ஒருவர் படியுங்கள் என்றார் டீச்சர். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். இடது ஏட்ரியம், வலது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று திக்காமல் திணறாமல் கீழே வரைக்கும் படித்துவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பு முழுவதும் அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னது.

டீச்சர் என்னிடம் வந்து, எல்லாம் தெளிவாக இருக்கிறதா சார் என்று கேட்டார். இருக்கிறது என்றேன். படிவத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கண்ணால் பார்க்காமல் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.